திறக்க மறுக்கும் படங்கள்



கடந்த மாதம் வடமராட்சி கிழக்கில் மருதங்கேணிப் பக்கம் தையல் வகுப்பு ஒன்றுக்குச் சென்றிருந்தேன். வகுப்பு முடிந்ததும் அரை மணித்தியாலம் கைத்தொலைபேசிகளை எடுத்து வைத்துக்கொண்டு இருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. யாருக்காவது சத்தம் வராது, யாருக்காவது ரீலோட் போட்ட காசு போன இடம் தெரியாது. அன்று எல்லோரும் எழும்பும்வரை காத்திருந்த ஒரு அம்மா, லேஞ்சியில் சுற்றிப் பொலித்தீன் பைக்குள் வைத்திருந்த போனை எடுத்து நீட்டினார்.

"பிள்ளை, இந்தப் படம் திறக்குதில்லை. என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ."

வட்ஸ்அப்பில் வந்திருந்த படம் அது. புகைமூட்டத்துக்குள் யாரோ சிலர் நிற்பதுபோல ஒரு மங்கல். நடுவில் சிறு வட்டம், அதற்குள் கீழ்நோக்கிய அம்புக்குறி. தொட்டால் வட்டம் சுற்றும், பிறகு நின்றுவிடும். படம் வந்து மூன்று மாதமாகிறது என்றார். அந்த மங்கலைத்தான் மூன்று மாதமாக இரவில் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

அதில் நிற்பது அவருடைய மகன். 2003 இல், பாதை திறந்திருந்த காலத்தில், கனடாவிலிருந்து தம்பி வந்து இங்கே கலியாணம் செய்தார். அப்போது மகனுக்கு 15 வயது. அல்பமும் வீடியோ கசற்றும் தம்பியோடு கனடாவுக்குப் போய்விட்டன. அம்மாவின் வீட்டிலிருந்த படங்களை 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனது. அதன்பின் எடுத்த ஒன்றிரண்டும் 2009 இல் மாத்தளன் பக்கம் எந்தப் பையோடு போயின என்று அவருக்கே தெரியாது. அந்த வருடத்திற்குப் பின் மகனைப் பற்றியும் தகவல் இல்லை. இதுவரை ஆணைக்குழுக்களுக்கும், 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் அவர் கொடுத்ததெல்லாம் ஒரு பாடசாலை அட்டையின் போட்டோக் கொப்பிதான். அதில் பிள்ளையின் முகம் கறுப்பாக இருக்கும்.

ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடைப் பொடியன், "ரீசெற் பண்ணினால் எல்லாம் சரியாயிடும் அம்மா, ஆயிரத்தைந்நூறு" என்றானாம். கையில் காசு இல்லாததால் திரும்பி வந்துவிட்டார். அந்த ஆயிரத்தைந்நூறு அவரிடம் இல்லாமற் போனது நல்லதுக்குத்தான்.

சகோதரிகளே, அந்த மங்கல் என்ன என்பதை விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். பதிவுத் தபால் வந்தபோது நாம் வீட்டில் இல்லாவிட்டால் தபாற்காரர் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போவார் அல்லவா? பொதி கந்தோரில் இருக்கும். நாம் போய்த்தான் எடுக்கவேண்டும். மங்கற் படமும் அந்தத் துண்டுதான். உண்மையான படம் வட்ஸ்அப் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அம்புக்குறியைத் தொடும்போதுதான் அது எமது போனுக்குள் இறங்கும். கந்தோரில் பொதியை எப்போதும் வைத்திருக்க மாட்டார்கள். இங்கும் அப்படியே. நெடுநாள் இறக்காமல் விட்ட படம் அங்கிருந்து நீங்கிவிடும்.

இறங்காததற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. டேற்றா முடிந்திருக்கும், அல்லது அந்தக் கரையோர மணலில் சிக்னல் ஒரு கோடாக இருக்கும். எழுத்துச் செய்தி மெல்லிய சிக்னலிலும் வந்துவிடும், படம் வராது, வீடியோ கேட்கவே வேண்டாம். சில போன்களில் பற்றரி முற்றாக இறங்கி ஏறியபின் திகதி பல வருடம் பின்னுக்குப் போய் நிற்கும். திகதி பிழையென்றால் வட்ஸ்அப் வேலை செய்யாது. திகதியைத் தானாக எடுக்கும்படி செற்றிங்ஸில் விட்டுவிட்டால் போதும். டேற்றா மிச்சம் பிடிக்கும் 'டேற்றா சேவர்' போடப்பட்டிருந்தாலும் படங்கள் தயங்கும்.

அம்மாவின் போனில் இவை ஒன்றும் பிழையில்லை. உள்ளே இடம்தான் இல்லை. 16 ஜிபி போன். திறந்து பார்த்தால் விளக்குக்கு முன் ரோசாப்பூ வைத்த காலை வணக்கங்கள், நல்லூர்த் தேர் வீடியோ ஒன்றே ஏழு தடவை, யாரோ ஒரு வைத்தியர் பூண்டைப் பற்றிச் சொல்வது. (எமது உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள்: காலை வணக்கத்தை எழுத்தில் அனுப்பினாலும் காலை விடியும்.) ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கத் தேவையில்லை. வட்ஸ்அப்பின் செற்றிங்ஸில் 'ஸ்டோரேஜ் அன்ட் டேற்றா' என்ற இடத்துக்குள் 'மனேஜ் ஸ்டோரேஜ்' என்று இருக்கிறது. பலமுறை கைமாறி வந்தவற்றையும் பாரம் கூடியவற்றையும் அதுவே வேறாக்கிக் காட்டும். அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்டுத்தான் அழித்தேன். எது குப்பை என்று சொந்தக்காரருக்குத்தான் தெரியும். மங்கலான ஒரு கிணற்றின் படத்தை நான் அழிக்கப்போக, "ஐயோ அது எங்கட பழைய வளவு" என்று கையைப் பிடித்துவிட்டார்.

இடம் வந்தது. அம்புக்குறியைத் தொட்டோம். வட்டம் சுற்றியது. பின், படம் இப்போது இல்லை, அனுப்பியவரிடம் மீண்டும் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

அதை அவருக்குச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. அனுப்பிய மருமகளிடம் இருக்கும், கேட்போம் என்றேன். இங்கே காலை பத்து மணி என்றால் கோடை காலத்தில் ரொறொன்ரோவில் நள்ளிரவு தாண்டி அரை மணி. அன்று பின்னேரம்வரை காத்திருந்து எடுத்தோம். அந்தக் கலியாணத்தின் மூத்த பிள்ளைதான் இந்த மருமகள். அவள் இடையில் போன் மாற்றிவிட்டாள். பழைய படங்கள் எல்லாம் புதியதற்கு வரவில்லை. "மாமி, அல்பம் அப்பாவின்ர வீட்டில இருக்கு, சனிக்கிழமை போய் எடுத்து அனுப்புறன்" என்றாள். அம்மாவுக்கு அந்தச் சனிக்கிழமைவரை சோறு இறங்கவில்லை என்று பிறகு அறிந்தேன்.

சனிக்கிழமை அனுப்பினாள். அதுவும் திறக்கவில்லை!

இம்முறை காரணம் வேறு. படம் வட்ஸ்அப்பில் சுருங்கிவிடும், ஆகவே 'டொக்கியூமென்ற்' ஆக அனுப்பச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான். யோசனை நல்லது. ஆனால் மருமகளுடையது ஐபோன். 2017 முதல் ஐபோன்கள் படங்களை எச்.ஈ.ஐ.சி. என்ற புதுவகையில் சேமிக்கின்றன. பழைய அண்ட்ரொயிட் போன்கள் பலவற்றுக்கு அந்த வகை தெரியாது. சாதாரணப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப்பே அதை மாற்றிக் கொடுக்கும். டொக்கியூமென்ற் ஆக அனுப்பினால் இருந்தபடியே வந்து சேரும். வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் வரும் படங்கள் எமது போனில் திறக்காமல் நிற்பதற்கும் பல தடவை இதுதான் காரணம். அனுப்புபவர் தன் ஐபோனின் செற்றிங்ஸில் 'கமெரா', அதற்குள் 'போர்மற்ஸ்', அதற்குள் 'மோஸ்ற் கொம்பற்றிபிள்' என்பதைத் தெரிந்துவிட்டுப் படத்தைப் புதிதாக எடுத்தால் ஜேபெக் வகையில் வரும். அது எல்லாப் போனிலும் திறக்கும்.

மூன்றாம் தடவை திறந்தது. வாழைமரம் கட்டிய வாசலில், தாம்பாளம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்ட பக்கம் திரும்பிப் பார்க்கிற ஒரு பொடியன். அம்மா அழவில்லை. இரண்டு விரலால் பெரிதாக்கச் சொல்லிக் கொடுத்தேன். பெரிதாக்கி, பெரிதாக்கி, காதடியில் நிறுத்தினார்.

"தழும்பு தெரியுது பாருங்கோ. வேலியில விழுந்தது. எல்லா இடமும் சொன்னனான், ஒருத்தரும் எழுதேல்லை."

இனி நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். 2019 ஜூலை 3 ஆம் திகதி பின்னேரம் எனது அயலில் உள்ள ஒரு சகோதரி, படமும் இல்லை, குரற்பதிவும் இல்லை, எழுத்து மட்டும் வருகிறது என்று போனைக் கொண்டுவந்தார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். கடைசியில் முழு ரீசெற் கொடுத்தேன். போன் புதுப் போனாக எழும்பியது. அதற்குள் இருந்த, முந்திய வருடம் காலமான அவரது தாயார் ஒடியற்கூழ் காய்ச்சும் வீடியோ போய்விட்டது. மெமரி கார்ட்டும் இல்லை, வேறெங்கும் கொப்பியும் இல்லை. படங்களோ அப்போதும் வரவில்லை. அடுத்தநாள் விடியத்தான் செய்தி அறிந்தோம். வட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்ரகிராம் மூன்றிலும் உலகம் முழுவதும் படங்களும் வீடியோக்களும் நின்றுபோயிருந்தன. வழமையான பராமரிப்பு வேலை ஒன்றின்போது வந்த கோளாறு என்று நிறுவனமே சொன்னது. விடியத் தானாகச் சரியாகியது. அந்தச் சகோதரி என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்றைக்கும் கூழ் காய்ச்சினால் எனக்கு ஒரு கோப்பை வரும், எனக்குத்தான் இறங்காது.

எமது நாட்டில் இப்படி வேறு நாட்களும் இருந்தன. கண்டி மாவட்டத்தில் நடந்த வன்செயல்களின்போது 2018 மார்ச் 7 இல் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. ஒரு வாரமளவு அப்படியே இருந்தது. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் மீண்டும் முடக்கம். 2022 ஏப்பிரல் 3 இல் பாதிநாளுக்கு மேல். அதற்குச் சற்று முன், மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தபோது கோபுரங்களின் பற்றரி இறங்கி சிக்னலும் போனது. அந்த நாட்களில் எத்தனை பேர் தம் போனில்தான் பழுது என்று கடைக்கு ஓடினார்களோ! ஆகவே படம் நின்றால் முதலில் பக்கத்து வீட்டுப் போனைப் பாருங்கள். அங்கும் நின்றிருந்தால் போனை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

உங்கள் போனில் மட்டும்தான் என்றால், கெடுதல் செய்யாத வேலைகளை முதலில் செய்யலாம். போனை ஒருமுறை அணைத்துப் போடுவது. இடம் பார்ப்பது. 'கிளியர் கேஷ்' என்பது பயமில்லை, அது தற்காலிகமாகச் சேர்ந்ததை மட்டும் துடைக்கும். அதன் பக்கத்திலேயே 'கிளியர் டேற்றா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்று இன்னொன்று இருக்கும். அது வேறு. வட்ஸ்அப்பில் அதை அழுத்தினால், பேக்கப் எடுத்து வைக்காதவர்களின் உரையாடல்கள் போய்விடும். இரண்டும் அக்கம்பக்கத்தில் ஏன் வைத்தார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ரீசெற் என்ற சொல்லை யார் சொன்னாலும், உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைக்காமல் சம்மதிக்காதீர்கள்.

மெமரி கார்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கார்ட் பழுது, 'போர்மற்' செய்யவா என்று போன் கேட்கும். அது கேட்கிறதே என்று ஓம் சொல்லிவிடாதீர்கள். அதற்குப் பொருள், எல்லாவற்றையும் அழிக்கவா என்பதுதான். போனை அணைத்து, கார்ட்டைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பிறகும் வராவிட்டால் கணினி உள்ள ஒருவரிடம் கொடுத்து, முதலில் இருப்பதைக் கொப்பி பண்ணச் சொல்லுங்கள். போனில் எடுக்காத கார்ட் பல தடவை கணினியில் எடுத்திருக்கிறது.

கூகுள் போட்டோஸ் வைத்திருப்பவர்கள் சிலர், படம் இருக்கிறது ஆனால் வீட்டில் மங்கலாகவும் ரவுணில் தெளிவாகவும் தெரிகிறது என்கிறார்கள். பேய் வேலை இல்லை. போனில் இடம் மிச்சம் பிடிக்க 'ப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதை யாரோ அழுத்தியிருப்பார்கள். படம் இப்போது கூகுளிடம் இருக்கிறது, டேற்றா இருந்தால்தான் தெளிவாக வரும்.

கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் கூடவே இருங்கள். பூட்டு இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போகவேண்டாம். எமது படங்களும் பிள்ளைகளின் படங்களும் அதற்குள் இருக்கின்றன. தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணின் போன் என்றால் சிலருக்குக் கண் கூடுதலாக விழும். இரவுக்கு விட்டுவிட்டுப் போங்கள் என்றால் போனை வாங்கிக்கொண்டு வாருங்கள். இன்னொன்று: தெரியாத இலக்கத்திலிருந்து படம் என்று வந்து, அதைப் பார்க்க வேறு ஏதோ நிறுவச் சொன்னால் அது படமே அல்ல. அழித்துவிடுங்கள்.

அம்மாவின் படத்தை நெல்லியடியில் ஒரு ஸ்ரூடியோவில் மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று சாமியறையில். ஒன்று கொழுவிக்கொண்டு போவதற்கு, பிளாஸ்ரிக் உறை போட்டது. மற்றையது, தழும்பு உள்ள பக்கத்தை மட்டும் பெரிதாக்கியது. அதை அலுவலகத்தில் கொடுத்து அவரது கோப்போடு சேர்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறார். நானும் கூடப் போகிறேன்.

போன கிழமை மீண்டும் அழைத்தார். அந்தக் கலியாண வீடியோக் கசற் தம்பி வீட்டு நிலவறையில் கிடைத்துவிட்டதாம். அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டி இப்போது யாரிடமும் இல்லை. மாற்றிக் கொடுக்கும் கடை ஒன்றை மருமகள் ஸ்காபரோவில் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். "அதில அவன் கதைச்சிருப்பான் பிள்ளை, வந்தால் இந்தப் போனில திறக்குமோ?" என்று கேட்டார். பெரிய வீடியோ என்றால் எப்படித் துண்டாக்கி அனுப்பச் சொல்வது, எதில் இறக்குவது, எங்கே கொப்பி வைப்பது என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன். வகுப்புக்கு வருபவர்கள் சார்ஜரையும் கொண்டு வாருங்கள்.