சாமி குத்தமும் தெருக் கணக்கும்

பகுத்தறிவு மேடைகளில் ஒரு கேள்வி ஓயாமல் கேட்கப்படுகிறது: "படிச்சவன்கூட எப்படிய்யா இதையெல்லாம் நம்புறான்?" கேள்வியே தப்பு. யோசித்து, ஆதாரம் பார்த்து யாரும் சாமியை நம்புவதில்லை. நம்பும்படியாக ஊர் கட்டப்பட்டிருக்கிறது. சேரி தனி, சுடுகாடு தனி. தேர் எந்தத் தெருவில் திரும்பும், எதை எட்டிக்கூடப் பார்க்காது, முதல் மரியாதை யாருக்கு, செத்த மாட்டை இழுப்பது யார்? பேச்சு வருவதற்கு முன்பே பிள்ளை கண்ணால் படித்துவிடுகிற பாடம் இது. அதன் பிறகு எவனாவது 'போன சென்மத்துப் பாவம்' என்றால் அது ஒரு கருத்தாகவே படாது. வெயிலடிக்கிறது என்று சொன்ன மாதிரி இருக்கும். எங்கள் கிழவிகள் "நம்ம தலையெழுத்து" என்றதும் எதிர்த்தெருவைப் பார்த்துத்தான். வேதம் படித்தா சொன்னார்கள்? (படிக்கத்தான் விட்டார்களா?)

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். திரௌபதி அம்மன் கோவிலுக்குள் தலித்துகள் போவதா என்று தகராறு. 2023 ஜூனில் அதிகாரிகள் கோவிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். மாதக்கணக்கில் அம்மன் பூசையில்லாமல் கிடந்தாள். நாம உள்ளே போனா வர்ற சாமி குத்தம், பூட்டி வச்சா வராதாம்! பிறகு நீதிமன்ற உத்தரவில் திறந்தது வேறு கதை. இத்தனை நாளும் கும்பிடப்பட்டது அம்மனா, வாசற்படியா? உத்தப்புரத்தில் 2008-ல் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை இடித்ததும் ஆதிக்க சாதியினர் மூட்டை முடிச்சோடு மலையடிவாரத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். சுவரில்லாத ஊரில் அவர்களுக்கு எதையும் நம்ப முடியவில்லை.

அம்பேத்கர் இதை அறிந்தவர். இந்துவாகச் சாகப்போவதில்லை என்று 1935-ல் இயோலாவில் அறிவித்தவர், 21 ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று, நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் ஏற்றார். புத்தகம் படித்துத் தனியாக மாறியிருக்க முடியாதா? ஒற்றை ஆளின் புது நம்பிக்கை ஒரு கல்யாணம் வரை, ஒரு சாவு வரைதான் தாங்கும். பெண் கொடுப்பவனும் பிணம் தூக்குபவனும் பழைய ஆட்களாகவே இருந்தால் பழைய சாமி கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் சிரார்த்தம் செய்வதில்லை, பிராமணரை வைத்துச் சடங்கு செய்வதில்லை என்பதெல்லாம் இருப்பது சும்மா இல்லை.

மதம் மாறினாலே போதும் என்பவர்கள் எறையூருக்குப் போய்ப் பார்க்கட்டும். ஒரே பைபிள்தான். 2008-ல் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்குத் தாக்கப்பட்டார்கள். கர்த்தர் முன் எல்லாரும் சமம் என்று பிரசங்கம் செய்தால் நம்ம சனம் கேட்டுக்கொள்ளும். நம்பாது. நம்புவதற்கு அந்தத் தெருவில் என்ன இருக்கிறது?

சேரிக்கு வந்து எங்கள் கிழவிக்கு மூடநம்பிக்கை வகுப்பெடுக்கும் தோழர்களே, கொஞ்சம் உங்கள் தெருவுக்குப் போங்கள். உங்கள் வீட்டு மணவறையில் எங்கள் பையன் மாப்பிள்ளையாக உட்காரட்டும். உங்கள் தெரு வழியாக எங்கள் பிணம் போகட்டும். அப்புறம் வந்து கிழவியிடம் கேளுங்கள், தலையெழுத்து இருக்கா இல்லையா என்று.