பாதி வழி கார், மீதி வழி சைக்கிள்

ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால் தெரியும்: சென்னைக்காரர்களுக்குச் சைக்கிள் மீதுள்ள ஆசை குறைந்துவிடவில்லை. ஹெல்மெட்டும் ஜெர்சியும் அணிந்து, நீலாங்கரை தாண்டி, கோவளம் தாண்டி, மாமல்லபுரம் வரைகூடக் குழுகுழுவாக மிதிக்கிறார்கள். தொலைவில் குடியிருப்பவர்கள் காரின் பின்புறம் சைக்கிளை மாட்டிக்கொண்டு வந்து, வசதியான ஓரிடத்தில் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து கிளம்புகிறார்கள். மறுநாள் காலை அதே கார் ஒற்றை ஆளோடு பழைய மாமல்லபுரம் சாலையில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. சைக்கிள் வீட்டு பால்கனியில் ஓய்வெடுக்கிறது.

உடம்புக்காக ஞாயிறன்று செய்வதை வேலைக்காகத் திங்களன்றும் செய்யலாம். அதற்கு இடமும் பாதையும் செய்து தருவது அரசின் பொறுப்பு.

சைக்கிளைப் பற்றிய பேச்சு நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு முனைகளில் நின்றுவிடும். ஒரு பக்கம், எல்லோரும் காரை விட்டுவிட்டுச் சைக்கிளுக்கு மாற வேண்டும் என்ற உபதேசம். இன்னொரு பக்கம், முப்பது கிலோமீட்டரை எவன் மிதிப்பான் என்ற கேலி. கேலியில் நியாயம் இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் வீடும் துரைப்பாக்கத்தில் அலுவலகமும் வாய்த்த ஒருவரைத் தினமும் இரண்டு மணி நேரம் மிதித்து வா, திரும்பவும் இரண்டு மணி நேரம் மிதித்துப் போ என்று சொல்வது கொடுமை. ஆனால் அவர் முழுத் தொலைவையும் மிதிக்க வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம் வரை சுமார் 20 கிலோமீட்டர் காரில் வரட்டும். ரயில் வசதிப்பட்டால் ரயிலில் வரட்டும், இன்னும் நல்லது. பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கத்துக்கு இருக்கும் சுமார் 10 கிலோமீட்டர்தான் சைக்கிளுக்கு உரிய பங்கு.

மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற நிதான வேகத்தில் அது 40 நிமிடம். மழை பெய்தாலும், கீழ்க்கட்டளையில் லாரி பழுதாகி நின்றாலும் இதில் பெரிய மாற்றம் இராது. கார்க்காரருக்கு அந்த உறுதி கிடையாது. ஒரு நாள் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்வார். இன்னொரு நாள் எப்போது போய்ச் சேர்வார் என்பது சிக்னலுக்குத்தான் தெரியும். நெடுந்தூரம் வேலைக்குப் போகிறவரைச் சோர்வடையச் செய்வது தொலைவைவிட இந்த நிச்சயமின்மைதான்.

பாதி வழி வாகனம், மீதி வழி சைக்கிள் என்பதை வேறு ஊர்கள் செய்து பார்த்திருக்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டனில், மடக்கு சைக்கிள் தயாரிக்கும் டேவிட் மான்டேக் 2014-இல் ‘பார்க் அண்ட் பெடல்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். அதற்காகப் புதிய கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. நகரத்தை மிதித்து அடையக்கூடிய தொலைவில் ஏற்கெனவே இருந்த நிறுத்துமிடங்களைத் தேர்ந்தெடுத்து, காரை இங்கே விட்டு மீதியைச் சைக்கிளில் போகலாம் என்று அறிவித்ததே திட்டத்தின் சாரம். அதே பகுதியில் பழைய ரயில் தடம் ஒன்றைச் சைக்கிள் பாதையாக்கி 1990-களின் தொடக்கத்திலேயே திறந்திருந்தார்கள். சுமார் 16 கிலோமீட்டர் ஓடி, பெரிய கார் நிறுத்தக் கட்டடம் கொண்ட ஏல்வைஃப் மெட்ரோ நிலையத்தருகே அது முடிகிறது.

நெதர்லாந்தில் சைக்கிளுக்குக் கூட்டாளி ரயில். அங்கு 2003-இல் தொடங்கிய ரயில் நிலைய வாடகை சைக்கிளால், பயணி இறங்கும் ஊரிலும் ஒரு சைக்கிள் அவருக்காகக் காத்திருக்கிறது. வீட்டிலிருந்து எதையும் சுமந்து வர வேண்டாம். உட்ரெக்ட் நிலையத்தின் அடியில் மட்டும் 12,500 சைக்கிள்கள் நிற்கும்.

இந்தியாவில் ஹைதராபாத் 2023 அக்டோபரில் ஒரு பெரிய அடி எடுத்து வைத்தது. வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை. மேலே வெயிலையும் மழையையும் மறைக்கும் கூரை. அந்தக் கூரையே 16 மெகாவாட் சூரிய மின்சாரம் தருகிறது. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதையை விட்டு இறங்கி அலுவலக வாசலுக்குப் போகும் தெருக்களில் அந்தப் பாதுகாப்பு தொடரவில்லை. வார இறுதிக்குக் கச்சிதமான பாதை, வார நாட்களுக்கு அரைகுறை. சென்னை இதே வழியில் போய்விடக் கூடாது.

சென்னையின் கணக்கு வேறு விதமானது. இங்கே கொள்கை முதலில் வந்துவிட்டது; பாதைதான் வரவில்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014-இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. நாட்டில் இப்படிச் செய்த முதல் நகரம் என்ற பெருமையும் பெற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் என்றது அந்தக் கொள்கை. 2018-க்குள் 80 விழுக்காடு தெருக்களில் நடைபாதை என்று இலக்கும் வைத்தது. அந்த இலக்கு எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதை வாசகர்கள் தங்கள் தெருவை எட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 2019-இல் வாடகை சைக்கிள் வந்தது. சைக்கிள் வந்ததே தவிர அது ஓடுவதற்குப் பாதை வரவில்லை.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு நமது பதில், பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடிச் சாலை. ஜி.எஸ்.டி. சாலையையும் ஐ.டி. நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கும் பழைய மாமல்லபுரம் சாலையையும் இணைக்கும் சாலை இது. நகரின் பல சாலைகளுக்கு இல்லாத அகலம் இதற்கு உண்டு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் ஒரு பிடி மண்ணையும் தொடாமல், இருக்கும் அகலத்துக்குள்ளேயே சைக்கிளுக்கு இடம் பிரித்துக் கொடுக்க முடியும். மேம்பாலங்களின் அடியிலும் நிறுத்துமிடமாக மாற்றத்தக்க இடம் உண்டு. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும்.

காலமும் கனிந்திருக்கிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் வழியாகவே போகிறது. மெட்ரோ பணிக்காகத் தோண்டிய சாலையை எப்படியும் மீண்டும் போட்டாக வேண்டும். அப்போது பழையபடியே போட்டுவிட்டு, பிறகு சைக்கிளுக்கென்று மறுபடி உடைப்பது இரட்டைச் செலவு. நிலையங்களின் கீழே பூட்டும் வசதியும் கண்காணிப்பு கேமராவும் உள்ள சைக்கிள் ஸ்டாண்டுக்கு இப்போதே இடம் ஒதுக்கிவிட வேண்டும். கொச்சி மெட்ரோ 2020-லேயே ரயிலில் சைக்கிளை ஏற்றிச் செல்ல அனுமதித்தது; பெங்களூரு 2022-இல் மடக்கு சைக்கிளை அனுமதித்தது.

வெயிலைச் சொல்வார்கள். மே மாதச் சென்னையில் மிதித்து வந்து, வியர்வை வழிய மீட்டிங்கில் உட்கார யாருக்கும் பிடிக்காது. பெரிய ஐ.டி. வளாகங்கள் பலவற்றில் உடற்பயிற்சிக் கூடமும் குளியலறையும் இருக்கின்றன. அவற்றைச் சைக்கிளில் வருபவருக்குக் காலை எட்டு மணிக்குத் திறந்துவிட்டால் பாதிக் கவலை தீரும். 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டாரோடு மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத மின் சைக்கிளுக்கு உரிமமும் பதிவும் வேண்டியதில்லை. மூட்டு வலிக்காரருக்கும் வயதானவருக்கும் அது உதவும். அக்னி நட்சத்திரத்தில் காரிலேயே போகட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் மிதித்தாலே, அந்த ஒருவரின் கார் அந்தச் சாலையில் ஏறும் நாட்களில் ஐந்தில் இரண்டு குறைந்துவிடுகிறது.

பாதுகாப்பைப் பற்றிய பயம் அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. 2022-இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. நாட்டிலேயே இதுதான் அதிகம். இந்த நிலைமையில், தனிப் பாதை இல்லாமல் எவரையும் சைக்கிளில் வரச் சொல்ல நமக்கு மனம் வராது. தார்மீது வெள்ளைக் கோடு கிழித்து சைக்கிள் படம் வரைந்தால் அது பாதையாகிவிடாது. மறுவாரமே அங்கே ஷேர் ஆட்டோ நிற்கும், டிபன் கடை முளைக்கும். கார் ஏற முடியாத உயரத்துக்குத் தடுப்புக் கல், சந்திப்புகளில் சைக்கிளுக்குத் தனி சிக்னல் நேரம், சதுப்பு நிலத்தை ஒட்டிய ஆளரவமற்ற பகுதியில் இரவு முழுக்க வெளிச்சம் ஆகியவை இல்லாமல் திட்டத்தைத் திறந்துவைக்கவே கூடாது. இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண் ஊழியர் நம்பி வர முடியாத பாதை யாருக்கும் உதவாது.

இதை வசதி படைத்தவர்களுக்கான சலுகை என்று நினைப்பவர்களும் இருக்கலாம். அவர்கள் அந்தச் சாலையில் ஒரு காலை நேரம் நின்று பார்க்கட்டும். காவலாளிகளும் கட்டடத் தொழிலாளர்களும் கேனில் டீ விற்பவர்களும் லாரிகளுக்கு நடுவே இன்றைக்கும் மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயம் சாராத வேலைகளுக்குப் போகும் இந்தியர்களில் சுமார் 13 விழுக்காட்டினர் சைக்கிளில் போனார்கள். காரில் போனவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. பாதை கேட்டுக் குரல் எழுப்ப இவர்களுக்கு நேரமும் இல்லை, மேடையும் இல்லை. கார் வைத்திருப்பவரின் பெயரைச் சொல்லியாவது ஒரு பாதை வந்தால், அதில் முதலில் ஏறப்போகிறவர்கள் இவர்கள்தான்.

நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. ஊழியரின் காருக்கும் பெட்ரோலுக்கும் ஓட்டுநருக்கும் நிறுவனம் செய்யும் செலவுக்கு வருமான வரி விதிகளில் தனி இடம் இருக்கிறது, சைக்கிளுக்கு இல்லை. பிரிட்டன் 1999-லேயே வேலைக்குச் செல்வதற்கான சைக்கிளுக்கு வரிச் சலுகை கொடுத்துவிட்டது. இங்கே மத்திய அரசு 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான சரக்கு, சேவை வரியை 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தது நல்ல தொடக்கம். வருமான வரியிலும் அதே மனம் வர வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. பல்லாவரம் இருப்பது தாம்பரம் மாநகராட்சியில். துரைப்பாக்கம் சென்னை மாநகராட்சியில். சாலை நெடுஞ்சாலைத் துறையிடம். அதன் நடுவில் மெட்ரோ நிறுவனம். சந்திப்புகளில் போக்குவரத்துக் காவல். 2014-ஆம் ஆண்டுக் கொள்கை சென்னை மாநகராட்சியோடு நின்றுவிடுகிறது. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிக்கொண்டே பத்து ஆண்டுகளை ஓட்டிவிட முடியும். இவர்கள் எல்லோரையும் ஒரே மேசைக்கு அழைப்பதற்காகத்தான் ‘கும்டா’ எனப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. அதன் தலைவர் முதலமைச்சர். குழுமத்தின் அடுத்த கூட்டத்தில் பல்லாவரம்–துரைப்பாக்கம் சைக்கிள் பாதையையும் அதன் இரு முனைகளிலும் அமைய வேண்டிய நிறுத்துமிடங்களையும் விவாதத்துக்கு எடுத்துக்கொண்டு, மெட்ரோ பணி முடிந்து சாலை போடுவதற்கு முன்பே வரைபடத்துக்கு ஒப்புதல் தர வேண்டும்.