கற்பனை ராணியும் உண்மை ராணியும்

சதுரங்கத்தைத் திரையில் காட்டுவது எளிதன்று. இருவர் அசையாமல் அமர்ந்து ஆடும் ஆட்டத்திற்கு விறுவிறுப்பூட்டக் கற்பனை தேவைதான். ஆனால் அக்கற்பனைக்கும் ஓர் எல்லை வேண்டாமா?

2020-ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி குயின்ஸ் கேம்பிட்’ தொடரில், பெத் ஹார்மன் என்னும் கற்பனைப் பெண் 1968-ல் மாஸ்கோவில் ஆண்களை வெல்கிறாள். பார்க்கும் பெண்களுக்கெல்லாம் பெருமைதான்! ஆனால் அப்போட்டியின்போதே, மகளிர் உலகச் சாம்பியன் நோனா கப்ரிந்தாஷ்விலி ஆண்களோடு ஆடியதே இல்லை என்று வர்ணனையாளர் கூறுகிறார். இது உண்மையன்று. ஜார்ஜிய நாட்டில் பிறந்த நோனா 1968-க்கு முன்பே ஆண்கள் பலரோடு ஆடியவர். 1978-ல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியும் அவரே. 1983-ல் வந்த மூல நாவலில் இப்பிழை இல்லை. தமது எண்பதாம் வயதில், 2021-ல், அவர் வழக்குத் தொடுத்தார். 2022-ல் அது சமரசத்தில் முடிந்தது.

கற்பனைப் பெண்ணை உயர்த்த, உண்மைப் பெண்ணைத் தாழ்த்தலாமா? பெண்ணின் பெருமையைப் பேச வந்தவர்களே, முன்னே வழி நடந்தவரை மறைப்பது முறையா?

தோழியரே, திரையில் வெல்லும் ராணிக்குக் கைதட்டுவோம். கூடவே, உண்மையில் ஆடி வென்றவர் யார் என்றும் தேடி அறிவோம்.