கடிகாரம் ஒரு கம்பெனி, போன் வேறு கம்பெனி



வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று இந்த இதழில் எழுதி வந்த நான், இம்முறை கைக்கடிகாரத்தைப் பற்றி எழுத வந்திருப்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். மளிகைக்கும் ஸ்மார்ட் வாட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் நஷ்டப்பட்ட பிறகுதான் எனக்கே அது விளங்கியது.

கடந்த தீபாவளிக்கு என் மகன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்தான். "அப்பா, போனைக் கல்லாப்பெட்டிக்குள்ள போட்டுட்டு மறந்துடுறீங்க. கடையில இருக்கிற சத்தத்துல மணி அடிச்சாலும் கேக்கிறதில்ல. இதைக் கட்டிக்கிட்டீங்கன்னா போன் வந்தாலும் வாட்ஸ்அப் வந்தாலும் கையில அதிரும்" என்றான். அவன் சொன்னது நியாயம். லோடு இறங்கும் நேரத்தில் விருதுநகர் மார்க்கெட்டில் எவருக்குத் தன் போன் சத்தம் கேட்கிறது? வாட்ச் ஒரு கம்பெனி. என் போன் வேறு கம்பெனி. இரண்டையும் இணைத்துக் கொடுத்தான். முதல் வாரம் நன்றாகவே வேலை செய்தது. நானும் நாலு பேரிடம் கையை நீட்டிக் காட்டினேன்.

பிறகு ஒரு நாள் காலை. குல்பர்காவிலிருந்து துவரம்பருப்பு ஒரு லோடு, 200 குவிண்டால் பேசிக்கொண்டிருந்தோம். தரகர் கடைசி விலையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அரை மணி நேரத்தில் பதில் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். எனக்குக் கையில் அதிரவே இல்லை. வாட்சைப் பார்த்தேன், மணி காட்டியது, நடந்த அடிகளைக் காட்டியது, போனோடு இணைந்திருப்பதாகவும் காட்டியது. அதனால் செய்தி எதுவும் வரவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போனை எடுத்துப் பார்த்தால் சரக்கு வேறு கைக்குப் போயிருந்தது. மறுநாள் குவிண்டாலுக்கு 50 ரூபாய் கூடுதல் கொடுத்து வாங்கினேன். வாட்ச் இல்லாத காலத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்ப்பேன். வாட்சை நம்பியதால் அந்தப் பழக்கமும் போய்விட்டது.

செல்போன் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் காரணத்தை விளக்கினார். நமது வாசகர்களுக்கும் உதவும் என்பதால் அதைச் சற்று விவரமாகவே எழுதுகிறேன். இந்த வாட்சுகள் பெரும்பாலும் தானாகச் செய்தி வாங்குவதில்லை. செய்தி போனுக்குத்தான் வருகிறது. போனில் வாட்ச் கம்பெனியின் செயலி ஒன்று ஓடிக்கொண்டே இருந்து, வந்த செய்தியை புளூடூத் வழியாக வாட்சுக்குத் தள்ளிவிடுகிறது. பல கம்பெனிப் போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, வெகுநேரம் நாம் தொடாத செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. தன் கம்பெனி வாட்சின் செயலி என்றால் அதை விட்டுவைக்கும்படி போன் கம்பெனி முன்னதாகவே ஏற்பாடு செய்துவிடும். வேற்றுக் கம்பெனிச் செயலிக்கு அந்தச் சலுகை கிடையாது. கடைப்பையன் தூங்கிவிட்டால் வந்த வாடிக்கையாளரை யார் முதலாளியிடம் சொல்வது? அதுதான் நடந்தது.

இதற்குப் பரிகாரம் உண்டு. போனின் அமைப்புகளில் அந்தச் செயலிக்குப் போய், பேட்டரி என்ற இடத்தில் 'கட்டுப்பாடு இல்லை' என்று வைக்க வேண்டும். 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று ஒன்று இருந்தால் அனுமதி கொடுக்க வேண்டும். அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியும் வேண்டும். போனில் புதிய மென்பொருள் ஏறினால் மறுபடியும் ஒரு தரம் சரிபார்த்துக்கொள்வது நல்லது. நான் இவ்வளவும் செய்த பிறகு இப்போது பெரும்பாலும் அதிர்கிறது. 'பெரும்பாலும்' என்பதை வைத்துக்கொண்டு குல்பர்கா வியாபாரம் செய்ய முடியாது.

என் விஷயமாவது அனுமதி கொடுத்தால் தீர்ந்தது. சிலவற்றில் அதற்கும் வழியில்லை. ஆப்பிள் வாட்ச் 2015-இல் வந்தது முதல் இன்றுவரை ஆண்ட்ராய்டு போனோடு இணையாது. அதைத் தொடங்கி வைப்பதற்கே ஐபோன் வேண்டும். சாம்சங் முன்பு விற்ற சில வாட்சுகள் ஐபோனிலும் வேலை செய்தன. 2021-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் அதுவும் நின்றுவிட்டது. அந்த வாட்ச் மற்ற கம்பெனி ஆண்ட்ராய்டு போன்களில் ஓடும். ஆனால் இதயத் துடிப்பை வரைபடமாக எடுக்கும் ஈசிஜி வசதிக்கும் ரத்த அழுத்த வசதிக்கும் சாம்சங் போனே வேண்டும். கூகுளின் பிக்சல் வாட்ச் 2022-இல் வந்தது. அதுவும் ஐபோனோடு சேராது. நம் ஊர்க் கடைகளில் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் வாட்சுகள் பொதுவாக இரண்டு வகைப் போனிலும் இணையும். ஆனால் ஐபோனில் வந்த குறுஞ்செய்தியை அவற்றில் படிக்கலாமே தவிர, வாட்சிலிருந்தே பதில் அனுப்ப முடியாது. இவையெல்லாம் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதில்லை. பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். நம் வயதுக்கு அது தெரியாது.

இடையே ஒரு வார்த்தை. ஊசி குத்தாமல் ரத்தச் சர்க்கரையைக் காட்டும் வாட்ச் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். தானே சர்க்கரையை அளக்கும் வாட்ச் எதற்கும் தாங்கள் அங்கீகாரம் கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. நம் உறுப்பினர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். நம் தந்தையார் காலத்தில் ஊருக்கு ஒரு படி, ஊருக்கு ஒரு மரக்கால். பட்டணம் படியில் அளந்ததை நம் ஊர்ப் படியில் அளந்தால் கணக்கு இடிக்கும். வீசை, பலம், சேர் என்று மாற்றிக் கணக்குப் போடத் தெரிந்தவனே கணக்கப்பிள்ளை. 1956-இல் எடையளவுச் சட்டம் வந்து, பிறகு கிலோவும் லிட்டரும் வந்தன. இன்று எந்தப் பட்டறையில் வார்த்த எடைக்கல்லாக இருந்தாலும், அரசு முத்திரை இருந்தால் எந்தத் தராசிலும் போடலாம். "என் தராசில் என் கல்லைத்தான் போட வேண்டும்" என்று தராசுக் கம்பெனிக்காரர் சொல்ல முடியாது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நம் கல்லா மேசையில் எத்தனை கியூஆர் அட்டைகள் நின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தச் செயலிக்கு இது, அந்தச் செயலிக்கு அது. ஒரு கம்பெனி மட்டுமே படிக்கக்கூடிய கியூஆர் அட்டைகளைப் புதிதாகக் கொடுக்கக் கூடாது, இருப்பவற்றையும் 2022 மார்ச் 31-க்குள் எல்லோருக்கும் பொதுவானதாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரில் உத்தரவிட்டது. இன்று ஓர் அட்டை போதும். வாடிக்கையாளர் எந்தச் செயலி வைத்திருந்தாலும் பணம் வந்துவிடுகிறது. அதனால் எந்தக் கம்பெனியும் கடையை மூடிவிடவில்லை. போன் சார்ஜரும் அப்படித்தான். ஐரோப்பிய யூனியன் ஒரே வகை சார்ஜர் என்று சட்டம் போட்டது. ஆப்பிளும் 2023-இல் ஐபோன் 15 முதல் பொதுவான டைப்-சி துளைக்கு வந்துவிட்டது.

இந்த விஷயத்தை நம் சங்க நண்பர் ஒருவரிடம் பேசியபோது அவர் மறுத்தார். "அண்ணாச்சி, அது அவன் சரக்கு. அவன் ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சு நல்லா ஓட வைக்கிறான். கண்டவன் வாட்சையும் சேத்துக்கிட்டு அது கெட்டுப்போனா அவன் பேர்தானே கெடும்? பிடிக்கலேன்னா வாங்காதீங்க" என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரே கம்பெனி வாட்சும் போனும் வைத்திருப்பவர்கள் தொல்லை இல்லாமல் இருக்கிறார்கள் என்பதை நானே பார்க்கிறேன். போனில் உள்ள அந்தரங்கச் செய்திகளை வேற்றுக் கம்பெனிப் பொருளுக்குத் திறந்துவிடும்போது எச்சரிக்கை வேண்டும் என்று கம்பெனிகள் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது.

ஆனால் இந்த வாதம் நமக்குப் பழக்கமான வாதம். ஓடுகிற சரக்கு வேண்டுமானால் ஓடாத சரக்கையும் எடு என்று நம்மிடம் கம்பெனி ஏஜெண்டுகள் சொல்லவில்லையா? நல்ல சோப்பு பத்துப் பெட்டி கேட்டால், யாரும் கேட்காத பவுடர் இரண்டு பெட்டியும் பில்லில் ஏறும். இதை எதிர்த்து எத்தனை கூட்டங்கள் போட்டிருக்கிறோம். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவிலேயே, ஒன்றை வாங்க இன்னொன்றை வாங்க வேண்டும் என்று கட்டும் ஒப்பந்தம் பேசப்படுகிறது. போட்டிக்குக் கேடு செய்தால் அது செல்லாது. எங்கள் வாட்சின் முழுப் பயன் வேண்டுமானால் எங்கள் போனையும் வாங்கு என்பது இதற்கு எவ்வளவு தூரம் என்று பெருமக்களே சொல்லுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2015-இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது, என் கிடங்கில் பழைய கடலைப்பருப்பு கொஞ்சம் தேங்கிக் கிடந்தது. துவரை கேட்டு வந்த ஒரு சிறு கடைக்காரரிடம், கடலை இரண்டு மூட்டை சேர்த்து எடுத்தால்தான் துவரை என்று சொல்லிவிட்டேன். பதினைந்து வருடம் என்னிடம் சரக்கு எடுத்தவர். ஒரு வார்த்தை பேசாமல் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, இரண்டையும் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு அவர் என் கடைப்படி ஏறவில்லை. எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான். வாட்ச் விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தபோது அவர் முகம்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

வெளிநாடுகளில் இது வழக்காகவே போய்விட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்க அரசின் நீதித்துறை ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில், வேற்றுக் கம்பெனி வாட்சுகளை ஐபோனில் சரிவர இயங்கவிடாமல் வைத்திருப்பதும் ஒரு குற்றச்சாட்டு. ஐரோப்பிய ஆணையம் 2025 மார்ச்சில், செய்தி அறிவிப்பு முதலிய வசதிகளை மற்ற கம்பெனி வாட்சுகளுக்கும் ஐபோனில் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆப்பிள் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. நம் நாட்டிலும் கியூஆர் அட்டைக்குச் செய்ததைப் போல வாட்சுக்கும் ஒரு பொது விதி வேண்டும் என்பதே என் எண்ணம்.

அது வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். நம் சங்கத்தில் செல்போன் கடையும் ஃபேன்சி கடையும் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வாட்ச் கேட்டு வருபவரிடம் முதலில், "உங்க போன் எந்தக் கம்பெனி?" என்று கேளுங்கள். எது வேலை செய்யும், எது செய்யாது என்று வாயால் சொல்வதோடு பில்லின் கீழே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பொருளின் தரத்தையும் விவரத்தையும் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் சொல்கிறது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாங்கும் உறுப்பினர்கள் தங்கள் போனைக் கடைக்கே கொண்டுபோய், அங்கேயே இணைத்து, ஒரு வாட்ஸ்அப் செய்தியும் ஒரு போனும் வரவைத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். மூட்டையைக் குத்திப் பார்க்காமல் நாம் பருப்பு வாங்குவதில்லையே.

என் வாட்ச் இன்னும் கையில்தான் இருக்கிறது. மகன் வாங்கிக் கொடுத்தது என்பதால் கழற்ற மனமில்லை. குல்பர்காத் தரகரிடம் மட்டும், விலையை எழுதி அனுப்ப வேண்டாம், கடையின் பழைய நம்பருக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். அது மேசை மேல் இருக்கிறது, மணி அடித்தால் தெரு முனை வரை கேட்கும்.