கூப்பிட்டது சுமத்ரா, பொத்தானை அழுத்தியது யார்?

தஞ்சோங் காராங் கடலோரத்தில் காற்று ஓய்ந்த மாலை வேளையில் ஒரு வாக்கி டாக்கியைத் திறந்து வைத்தால், சில நாள்களில் இந்தோனேசியக் குரல்கள் பக்கத்து வீட்டுப் பேச்சு போலக் கேட்கும். நீரிணைக்கு அப்பால் சுமத்ரா சுமார் 150 கிலோமீட்டர். 5 வாட் கருவிக்கு அது சாதாரணமாக எட்டாத தூரம். ஆனால், கடலை ஒட்டிய ஈரக் காற்றின் மேல் வெப்பமான வறண்ட காற்று மூடி போலப் படியும்போது, வானொலி அலைகள் அந்த அடுக்குக்குள் சிக்கி வெகுதூரம் ஓடிவந்துவிடும்.

கேட்பதில் மகிழ்ச்சிதான். பதில் சொல்வதில்தான் வம்பு.

அந்தக் குரல் 142, 143 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வந்தால், பேசுபவர் பெரும்பாலும் 'ராப்பி' உறுப்பினராக இருப்பார். 1980இல் தொடங்கிய அந்த மக்கள் வானொலி அமைப்புக்கு இந்தோனேசிய அரசு ஒதுக்கிக் கொடுத்த இடம் அது. அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. மலேசியாவிலோ அமெச்சூர் வானொலிக்கு உரிய பகுதி 144இல் தொடங்கி 148இல் முடிகிறது. அதற்கும் தேர்வு எழுதி, 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக் குறி பெற்றிருக்க வேண்டும்.

'அவர்தானே கூப்பிட்டார்' என்ற சமாதானம் இங்கே செல்லாது. அவருடைய உரிமம் அவருடைய கருவிக்கு மட்டுமே. ஒதுக்கீடு இல்லாத அலைவரிசையை வேண்டுமென்றே பயன்படுத்துவது 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 157ஆவது பிரிவின்படி குற்றம். சட்டம் வந்தபோதே அபராத உச்சவரம்பு 5 லட்சம் ரிங்கிட், சிறை 5 ஆண்டு.

நம் இளையோர் இணையத்தில் வாங்கும் பாவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற மலிவுக் கருவிகள் 136 முதல் 174 வரை எங்கும் ஒலிபரப்பும். கப்பல்களும் படகுகளும் ஆபத்தில் அழைக்கும் 156.8கூட அதற்குள் அடக்கம். கருவியால் முடிகிறது என்பதற்காகச் சட்டம் அனுமதித்ததாக ஆகிவிடாது. தோட்டத்தில் நண்பர்களுடன் பேச மட்டும் வேண்டுமென்றால், ஆணையத்தின் முத்திரை பெற்ற 477 மெகாஹெர்ட்ஸ் கருவி போதும். தேர்வு வேண்டாம்.

எல்லை தாண்டிய உரையாடல் எல்லாமே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அமெரிக்கர்களுக்கு 7.300 வரை இடம். நம் வட்டாரத்துக்கு 7.200 வரைதான். அவர் 7.230இல் பேசி 7.150இல் கேட்கிறார், உரிய உரிமம் உள்ள நம்மவர் 7.150இல் பதில் தருகிறார். இருவரும் அவரவர் வேலிக்குள்ளேயே நிற்கிறார்கள்.

சிக்கலான கேள்வி வேறு. அழைப்புக் குறியே சொல்லாத ஒருவர் நம் பட்டைக்குள் நுழைந்து கூப்பிட்டால்? நயமாகப் பேசி வெளியேற்றலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்கு வேண்டியது பேச்சுத் துணை. திட்டினாலும் அது கிடைத்துவிடும். நேரம், அலைவரிசை, பேசிய மொழி ஆகியவற்றைக் குறித்து ஆணையத்திடம் கொடுப்பதே சரி. இப்படி ஊடுருவும் ஒலிகளைக் கண்காணிக்க அனைத்துலக அமெச்சூர் வானொலிச் சங்கத்துக்கே தனிப் பிரிவு உண்டு.

இது வெறும் சட்டப் பிடிவாதம் அல்ல. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு, இந்திய அரசின் அனுமதியுடன் போர்ட் பிளேரில் அமெச்சூர் நிலையம் நடத்திக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி சுனாமி தாக்கி வழக்கமான தொடர்புகள் குலைந்தபோது, அந்தமானிலிருந்து செய்தி கொண்டுவந்தது அந்த நிலையம். அந்த நேரத்தில் அலைவரிசையில் வெட்டிப் பேச்சு நிறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உயிர் ஆபத்து என்றால் மட்டும் கணக்கு மாறும். ஆபத்தில் இருப்பவரும் அவருக்கு உதவுபவரும் கையிலுள்ள எந்தத் தொடர்பு வழியையும் பயன்படுத்துவதை அனைத்துலக வானொலி விதிகள் தடுக்கவில்லை. பாகான் பாசிர் பக்கம் ஒரு மீன்பிடிப் படகு மூழ்குவதாக 142இல் குரல் கேட்டால், தயங்காமல் பதில் சொல்லுங்கள். படகின் பெயர், இருக்கும் இடம், எத்தனை பேர் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு உடனே 999க்கு அழையுங்கள்.