உடைத்துப் பார்க்க ஓர் இடம்



வயர்லெஸ் பாதுகாப்பைப் புத்தகத்தை மட்டும் படித்துக் கற்க முடியாது. ஒரு வைஃபையின் பூட்டு எங்கே பலவீனமாக இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதை உடைத்துப் பார்த்தாக வேண்டும். யாருடைய பூட்டை உடைப்பது என்பதில்தான் சாதியும் வர்க்கமும் உள்ளே வருகின்றன.

வசதியான வீட்டுப் பிள்ளை இரண்டு ரவுட்டர் வாங்கித் தன் அறையிலேயே சோதித்துக்கொள்கிறது. வருசநாட்டுச் சேரியிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் இருப்பது ஒரு போன். கிடைத்தால் ஒரு பழைய மடிக்கணினி. யூடியூபில் பார்த்ததைச் செய்து பார்க்க அதற்குக் கிடைப்பது பக்கத்துக் கடை வைஃபைதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66 இதற்கு மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நேர்மையற்ற நோக்கம் இருந்ததா என்பதை நீதிமன்றம் பார்க்கும். ஆனால் நம் பிள்ளைக்கு அந்த நோக்கத்தைக் காவல் நிலையத்திலேயே எழுதிவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

இதனால்தான் தொலைநிலை ஆய்வகம் வேண்டும் என்கிறோம். ஓர் அறையில் சில ரவுட்டர்கள், சிறு கணினிகள், வைஃபை அடாப்டர்கள். அலை வெளியே கசியாதபடி உலோக உறையிட்ட பெட்டி. மாணவர் எங்கிருந்தாலும் இணையம் வழியே உள்ளே வரலாம். போன் ரவுட்டரோடு இணையும்போது பரிமாறும் செய்திகளைப் பிடித்து, எளிய கடவுச்சொல் எவ்வளவு சீக்கிரம் விழுகிறது என்று தன் கண்ணாலேயே பார்க்கலாம். உள்ளே வரும் பாதை மட்டும் கம்பி வழியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வைஃபையை முடக்கும் பயிற்சியில் மாணவர் தன் இணைப்பையே துண்டித்துக்கொள்வார். ஒருவர் முடித்ததும் எல்லாம் அழிந்து, அடுத்தவருக்குப் புதிதாகத் தொடங்கும்.

இது கனவல்ல. ஒன்றிய அரசின் மெய்நிகர் ஆய்வகத் திட்டத்தில் பெரும்பாலானவை கணினிப் பாவனைகள்தான். ஆனால் அதே திட்டத்தில் அமிர்தா பல்கலைக்கழகம் உண்மையான வயர்லெஸ் உணரிகளைத் தொலைவிலிருந்து இயக்கும் ஆய்வகத்தை அமைத்தது. அதைப் பாதுகாப்புப் பயிற்சிக்கும் செய்ய முடியும்.

ஆனால், 'எல்லோருக்கும் திறந்திருக்கிறது' என்ற அறிவிப்போடு நாம் திருப்தியடைந்துவிடக் கூடாது. பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் என்று 1924-லேயே இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பிறகும் எத்தனை ஊரில் நம் குடம் தனியாக நின்றது? திறந்திருப்பது வேறு, போய்ச் சேர முடிவது வேறு.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. முதலாவது, வீடியோத் திரையை நம்பாமல் வெறும் எழுத்துக் கட்டளைகளால் இயங்க வேண்டும். கடமலைக்குண்டு தாண்டினால் கிடைக்கும் சிக்னலுக்கு அதுதான் தாங்கும். இரண்டாவது, கல்லூரி அடையாள அட்டை இல்லாதவருக்கும், படிப்பை நிறுத்தியவருக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, பயிற்சிக் குறிப்புகள் தமிழில் வேண்டும். நான்காவது, இதைத் தனியார் வளாகத்தில் வைக்காமல் போடி அரசுப் பொறியியல் கல்லூரியில் வைத்து, ஆதிதிராவிடர் நலத் துறையின் விடுதிகள் ஒவ்வொன்றிலும் அதற்கான இணைப்பைத் தர வேண்டும்.

பணம் எங்கே என்பார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிக்கான செயல் திட்டச் சட்டத்தைத் தமிழ்நாடு அரசே 2024-இல் நிறைவேற்றியிருக்கிறது. அந்த நிதி தையல் மெஷினுக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

நம் மக்களின் ஊரக வேலைத் திட்டக் கூலி வங்கிக் கணக்குக்கு வருகிறது, வருகைப் பதிவு செயலியில் ஏறுகிறது. அந்த வலையமைப்புகளைக் காக்கத் தெரிந்தவர்கள் நம்மிலிருந்தும் வர வேண்டும். விடுதியில் இருக்கும் தோழர்கள் முதலில் ஒன்று செய்யுங்கள்: உங்கள் விடுதியில் இணையம் உண்டா, எத்தனை கணினி ஓடுகிறது என்று கணக்கெடுங்கள். அந்தக் கணக்கோடுதான் நாம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.