இல்லப் பராமரிப்பு: கார்க் கொட்டகையில் மினுக்கும் விளக்கு

கூடத்து விளக்குச் சற்று மினுக்கினால் வீட்டிலுள்ளோர் அனைவரும் அண்ணாந்து பார்க்கின்றனர். கார் நிறுத்தும் கொட்டகையில் மினுக்கும் விளக்கையோ மாதக்கணக்கில் ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. பெட்ரோல் நெடியும், பழைய செய்தித்தாள் கட்டுகளும், ஊரிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகளும் ஒருங்கே சேர்ந்திருக்கும் இடம் அதுவேயன்றோ? கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ரெயிலேறுவதற்கு முன்பாவது அதனைக் கவனித்தல் அவசியம்.

ஏணியைத் தேடுமுன் சற்று நின்று பார்க்க. மினுக்குவது அந்த ஒரு விளக்கா, கொட்டகை முழுவதுமா, அன்றி வீடு முழுவதுமா?

ஒரே விளக்காயின் பெரும்பாலும் அச்சமில்லை. சோக்கும் ஸ்டார்ட்டரும் கொண்ட பழைய டியூப் லைட்டில் முனைகள் நன்கு கறுத்திருந்தால் டியூபின் ஆயுள் தீர்ந்ததென்று கொள்ளலாம். இல்லையேல் ஸ்டார்ட்டரை மாற்றிப் பார்க்கலாம். தில்லியின் தை மாதக் குளிரில் நல்ல டியூபும் பற்றத் தாமதிக்கும், அது கோளாறன்று. எல்.இ.டி. விளக்குச் சில நிமிடம் எரிந்து அணைந்து, ஆறியபின் மீண்டும் எரிந்தால், அதன் உள்ளிருக்கும் டிரைவர் சூட்டினால் நலிந்திருக்கக் கூடும். விளக்கை மாற்றுவதே வழி. ஸ்விட்சை அணைத்த பின்னும் மங்கலாக மினுக்கினால், ஸ்விட்சிலுள்ள சிறு சிவப்பு விளக்கின் வழியே கசியும் மின்சாரம் காரணமாகலாம். அன்றி, ஸ்விட்சு பேஸ் கம்பியில் அமையாமல் நியூட்ரல் கம்பியில் அமைந்திருக்கலாம். இது பொல்லாதது. ஸ்விட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும்.

புதிய விளக்கும் மினுக்கினால், அல்லது கொட்டகை விளக்குகள் அனைத்தும் சேர்ந்து மினுக்கினால், எங்கோ ஓர் இணைப்புத் தளர்ந்திருக்கிறது என்று ஐயுறுக. இரும்பு ஷட்டரின் அதிர்ச்சி, பம்பாய் மழைக்கால ஈரம், எலியின் பல் ஆகிய இவை மூன்றும் கொட்டகைக் கம்பிகளின் பரம்பரைப் பகைவர்கள். “எம்.சி.பி. விழவில்லையே, ஆகவே அபாயமில்லை” என்று பலர் தேறுதல் கொள்கின்றனர். அது தவறு. எம்.சி.பி. விழுவது மின்னோட்டம் அளவுக்கு மீறும்போது. தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் மிகுவதில்லை. தொடுமிடம் மட்டும் பொறிபறந்து கொதிக்கின்றது. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியும் இதனை அறியாது. ஆகவே, ஸ்விட்சுப் பலகை சுட்டாலோ, பழுப்பேறினாலோ, கருகிய வாசனை வந்தாலோ, உடனே மின்சாரத்தை நிறுத்துக.

நிறுத்துவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வடக்கே நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்வர்ட்டர் இருக்கிறது. கொட்டகை விளக்கு அதனோடு இணைந்திருந்தால், மெயினை அணைத்தும் கம்பியில் உயிர் இருக்கும். இன்வர்ட்டரையும் நிறுத்தல் வேண்டும். டெஸ்டர் ஒளிரவில்லை என்பதை மட்டும் நம்பிக் கம்பியைத் தொடலாகாது. உலர்ந்த மரமுக்காலியின்மேல் நின்றால் அது ஒளிராமலே ஏமாற்றக்கூடும்.

வீடு முழுவதும் மினுக்கி, சில விளக்குகள் வழக்கத்தினும் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால், மெயின் நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட்டுக்கு அமைந்த சாதனங்கள்மீது 400 வோல்ட் வரை ஏறக்கூடும். குளிர்ப்பெட்டியும் தொலைக்காட்சியும் நொடியில் பாழாகும். மெயினை அணைத்துவிட்டு மின்விநியோக அலுவலகத்துக்குச் சொல்லுக. அது நமது கைவேலையன்று.

வாடகைக்கு இருப்போர், பாஷை தடுமாறுகிறதே என்று வீட்டுக்காரரிடம் சொல்லாமல் தள்ளிப்போடுவதுண்டு. சுவருக்குள் ஓடும் கம்பி அவருடையது; அவருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மிஸ்திரி வந்தால் “லைட் கராப்” என்று மட்டும் கூறாமல், எந்நேரத்தில், எந்த ஸ்விட்சைப் போட்டபோது மினுக்கியது என்பதைக் காட்டுக. “நியூட்ரல் டீலா ஹை க்யா?” என்று ஒரு வார்த்தை கேட்டாலே அவருடைய கவனம் கூர்மையடைவதைக் காணலாம். அவர் கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிவிட்டு ஏணியை மடக்கினால் விடாதீர்கள். திருகாணியுள்ள கனெக்டர் பொருத்தச் சொல்லுங்கள். அதற்கு மேற்கொண்டு கூலி கேட்டாலும் கொடுக்கலாம்.